டைட் பண்ணினால் ஸ்பிரிங் கடினமாகுமா?

பைக்கின் பின்பக்கம் தொய்ந்து தாழ்ந்துவிட்டால் மெக்கானிக்கிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: “ஷாக்கைக் கொஞ்சம் டைட் வைங்க.” அவர் ஸ்பேனரை மாட்டி வளையத்தை ஒரு படி ஏற்றுவார். பின்பக்கம் எழுந்துகொள்ளும். ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நாமும் நம்பிக் கிளம்புவோம்.

ஆகவில்லை. எத்தனை சுற்று திருகினாலும் ஆகாது.

கடைத்தெரு வரை போய்வரும் பைக்கில் இந்த நம்பிக்கையால் பெரிய நஷ்டமில்லை. மண்மேட்டிலிருந்து ஆளோடு எகிறிக் குதிக்கும் டர்ட் பைக்கில் உண்டு. நண்பர் ஒருவருடைய 250 சிசி மோட்டோகிராஸ் பைக்கின் பின்சக்கரத்தருகே அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தபோதுதான் எனக்கே இது சரியாக உறைத்தது.

நண்பர் நல்ல ஆகிருதி. நூறு கிலோ. ஹெல்மெட், முழங்கால் வரை வரும் பூட்ஸ், மார்புக் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் ஏறினால் 108. அவருடைய புகார் விசித்திரமானது. “சின்னக் கல்லுல ஏறினாலே இடுப்பு வரைக்கும் இடிக்குது. ஆனா குதிச்சா அடிவரைக்கும் அமுங்கித் தட்டிடுது.” சின்ன அடிக்குக் கடினம், பெரிய அடிக்குத் தொளதொள. ஒரே ஸ்பிரிங் எப்படி இரண்டாகவும் இருக்கும்?

ஸ்பிரிங்கின் குணத்தைச் சொல்ல ஒரே ஒரு எண் போதும். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அது. இந்த ரக பைக்கின் பின் ஷாக்கில் அது 54 நியூட்டன் என்று இருக்கும்; நம் கணக்கில் ஐந்தரைக் கிலோ பாரம். 10 மி.மீ. அமுக்க 55 கிலோ, 20 மி.மீ. அமுக்க 110 கிலோ. இந்த நேர்க்கோட்டுக் கணக்கைக் கண்டவர் ராபர்ட் ஹூக். யாராவது தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று பயந்து, 1676-ல் வெறும் 14 எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். இரண்டு வருடம் கழித்துத்தான் விடையை அவிழ்த்தார். ‘நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு’ என்ற பொருளுள்ள லத்தீன் வாக்கியம் அது.

அந்த எண்ணைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் தன்மை. இவற்றில் கம்பியின் தடிமன்தான் பெரிய கை; நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. கம்பி 10 சதவீதம் தடித்தால் ஸ்பிரிங் 46 சதவீதம் கடினமாகிவிடும். ஆகவே இரண்டு ஸ்பிரிங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு எது கடினம் என்று கண்ணால் சொல்ல முடியாது. சுருளில் பொறித்த எண் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் ஏற்றி அளக்க வேண்டும்.

சரி, வளையத்தைத் திருகும்போது இந்த நான்கில் எது மாறுகிறது? ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி அடைத்து வைக்கிறோம், அவ்வளவுதான். இதைத்தான் ப்ரீலோட் என்கிறார்கள். 10 மி.மீ. திருகினால் உள்ளே 540 நியூட்டன் ஏற்கெனவே தயாராக நிற்கிறது. அதைத் தாண்டும் வரை ஷாக் அசையாது. தாண்டிய பிறகு மில்லிமீட்டருக்கு அதே 54தான். வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கூட்டினாரே ஒழிய மாத வாடகையைத் தொடவில்லை.

இனி டேப். ஸ்டாண்டில் பைக்கைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்தோம். அப்புறம் பைக்கைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அதே தூரத்தை அளந்தோம். கடைசியாக நண்பர் முழு உடுப்போடு ஃபுட்பெக்கில், அதாவது கால் வைக்கும் கட்டையில், ஏறி நின்றார். பைக் தன் எடைக்கே இறங்கியதை வெறும் இறக்கம் என்றும், ஆளோடு இறங்கியதை ஆள் இறக்கம் என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘சாக்’ என்று வந்து ‘ஷாக்’கோடு குழம்புகிறது.

முழு அளவு மோட்டோகிராஸ் பைக்கில் பின்சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கம் 300 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஆள் இறக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 100 முதல் 105 வரை இருக்க வேண்டும். வெறும் இறக்கம் 30 முதல் 40. நண்பருடைய பைக்கில் வெறும் இறக்கம் 39, ஆள் இறக்கம் 125.

புகாரின் பாதிக்கு இங்கேயே விடை இருக்கிறது. பின்சக்கரம் ஷாக்கை நேரடியாக அமுக்குவதில்லை; நடுவே நெம்புகோல் அமைப்பு உண்டு. சக்கரம் 300 போனால் ஷாக் 120 சொச்சம்தான் போகும். அந்த நெம்பும் ஒரே சீராக இருக்காது. சக்கரம் மேலேற மேலேற ஷாக்குக்குச் சாதகமாக மாறி, பின்பக்கம் கடினமாகிக்கொண்டே போகும்படிதான் வடிவமைக்கிறார்கள். நண்பர் கிளம்பும்போதே 125 ஆழத்தில், அந்தக் கடினமான பகுதியில் உட்கார்ந்திருக்கிறார். கல் இடிக்கிறது. மிச்ச தூரமும் குறைவு, ஆகவே குதித்தால் தட்டுகிறது. போதாக்குறைக்குப் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்வதால், வளைவில் முன்சக்கரம் திரும்ப மாட்டேன் என்று வெளியே ஓடும். இது புரியாமல் ‘இடிக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காக இன்னும் மென்மையான ஸ்பிரிங் தேடுபவர்களும் உண்டு.

நாங்கள் வழக்கம்போல வளையத்தைத் திருகினோம். ஏழு மில்லிமீட்டர். ஆள் இறக்கம் 105-க்கு வந்தது. நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெறும் இறக்கத்தை மறுபடி அளந்தோம்: 19.

அடுத்த கூத்து இங்கேதான். வெறும் இறக்கம் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் கடினம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆள் இறக்கத்தைச் சரிசெய்த பிறகும் வெறும் இறக்கம் குறைவாக இருந்தால், உண்மை அதற்கு நேரெதிர்: ஸ்பிரிங் மென்மை. காரணம் எளிது. திருகுவதற்கு முன் 125-க்கும் 39-க்கும் வித்தியாசம் 86. திருகிய பின் 105-க்கும் 19-க்கும் அதே 86. இந்த வித்தியாசம் முழுக்க ஆளுடைய எடையால் வந்தது. ஸ்பிரிங்கின் கடினம் மட்டுமே இதை மாற்ற முடியும். வளையம் இரண்டு எண்களையும் சேர்த்து மேலும் கீழும் நகர்த்தும், இடைவெளியைத் தொடாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஷாக் ஒரு மில்லிமீட்டர் போகச் சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்பதுதான் நெம்பு விகிதம்; தொடக்கப் பகுதியில் அது சுமார் 2.8. விசையிலும் தூரத்திலும் இரண்டு முறை இது குறுக்கிடுவதால், அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஷாக்கில் 54 ஆக இருப்பது சக்கரத்தில் வெறும் 7. ஃபுட்பெக்கில் நிற்பவரின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் பின்சக்கரத்துக்குப் போகிறது என்று கொண்டால், 108 கிலோவில் அது 61 கிலோ சொச்சம், அதாவது 600 நியூட்டன். ஏழால் வகுத்தால் 86! உடுப்போடு 83 கிலோ இருப்பவருக்கு இதே கணக்கு 66 தருகிறது. 105-ல் அதைக் கழித்தால் 39. அளவெடுத்துத் தைத்தது போல. கேடிஎம் தன் முழு அளவு மோட்டோகிராஸ் பைக்குகள் பலவற்றின் கையேட்டில் சாதாரண ஸ்பிரிங்குக்கு 75 முதல் 85 கிலோ ஆள் என்று எழுதுவதும் இதோடு ஒத்துப்போகிறது. அந்த வட்டத்துக்குள் இருப்பவர் பாக்கியவான், கடையிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டலாம்.

வெறும் இறக்கம் 19 என்றால் என்ன கெட்டுப்போகும்? சக்கரம் மேலேறுவது போலவே பள்ளத்துக்குள் இறங்கவும் வேண்டும். செம்மண் சரிவில் முன்பிரேக் பிடித்து இறங்கும்போது எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகிறது. இறங்க இடமில்லாத சக்கரம் ‘டக்’கென்று கடைசி வரை நீண்டு, அப்புறம் தரையை விட்டே தூக்கிக்கொள்ளும். நண்பர் அன்று சாயங்காலமே அந்த ‘டக்’கைக் கேட்டுவிட்டார்.

எடை குறைந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழ். 58 கிலோ ஆளுக்கு அதே ஸ்பிரிங்கில் வித்தியாசம் 46 மட்டும். 105-க்குக் கொண்டுவர வளையத்தைத் தளர்த்தினால் வெறும் இறக்கம் 59 ஆகிவிடும். ஸ்பிரிங் அவருக்கு அதிகக் கடினம்; குதித்தாலும் சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தில் கடைசிப் பகுதி பெரும்பாலும் பயன்படாது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் நெம்பு இல்லை, இரண்டு ஸ்பிரிங்குகள் நேராகத் தாங்குகின்றன, கதை சுருக்கம். சில பைக்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் சுமார் 10 பார் அழுத்தத்தில் காற்றே அடைத்திருக்கிறார்கள். எடைக்கேற்பப் பம்பை எடுத்தால் போதும், கொடுத்துவைத்தவர்கள்.

ஸ்பிரிங் சரியாகிவிட்டால் குதிப்பு முழுவதையும் அதுவே தாங்கும் என்று நினைக்க வேண்டாம். பைக்கும் ஆளும் சேர்ந்து 195 கிலோ, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுவதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 2,850 ஜூல் ஆற்றல். முன்னும் பின்னும் ஸ்பிரிங்குகள் முழுக்க அமுங்கினாலும் பிடித்துவைக்க முடிவது, என் தோராயக் கணக்கில், ஆயிரத்தை ஒட்டித்தான். மீதியை ஷாக்குக்குள் சின்னத் துளைகள் வழியே பிதுங்கும் எண்ணெய் சூடாக்கிக் கழிக்கிறது. கொஞ்சம் ஓட்டுநரின் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் பிடித்துவைத்ததும் அங்கேயே தூங்காது, திருப்பி உதைக்கும். அந்த உதையை மெதுவாக்குவதும் அதே எண்ணெய்தான். ரீபவுண்ட் ஸ்க்ரூ என்று ஷாக்கின் அடியில் இருப்பது அதன் குழாய்த்திருகு.

நண்பருக்கு 62 நியூட்டன் ஸ்பிரிங் வரவழைத்தோம். கணக்குப்படி வித்தியாசம் 75 வர வேண்டும். மாட்டி, 105-க்கு வைத்து, வெறும் இறக்கத்தை அளந்தால் 30. டிராக்கில் முதல் இரண்டு சுற்று ஓட்டியபோது பின்பக்கம் குதிரை மாதிரி உதைத்தது. பழைய ஸ்பிரிங்குக்கு வைத்திருந்த ரீபவுண்ட் இதற்குப் போதவில்லை. இரண்டு கிளிக் உள்ளே திருகினோம். அடங்கியது. பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியவர், “பின்னாடி சரியாயிடுச்சு. இப்ப முன்னாடிதான் தொங்குற மாதிரி இருக்கு” என்றார். ஃபோர்க் ஸ்பிரிங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.