ஆட்டோமேட்டிக் வாட்ச்: எது தானாக நடக்கிறது?

கீழக்கரையில் சபுராளிகள், அதாவது பிழைப்புக்காகக் கடல்கடந்து போய்வந்தவர்கள், கொழும்பிலிருந்தும் பிறகு துபாயிலிருந்தும் கட்டிவந்த டிட்டோனி, ராடோ வாட்சுகள் இன்னும் சில வீட்டு பீரோக்களில் கிடக்கின்றன. என் வாப்பாவுடையது நின்றுபோயிருந்தது. பேட்டரி மாற்றணுமா என்று கேட்டேன். "இதுக்கு ஏது பேட்டரி? நாலு ஆட்டு ஆட்டு" என்றார். ஆட்டியதும் ஓடியது. முகப்பில் 'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருந்தது.

கிரேக்கத்தில் 'ஆட்டோமேட்டோஸ்' என்றால் தானே இயங்குவது. அதை அப்படியே பிடித்துத் 'தானியங்கிக் கைக்கடிகாரம்' என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் பொருந்தவில்லை. தானாக ஓடுவது என்று பார்த்தால் பேட்டரி வாட்சும் தானியங்கிதானே? இங்கே தானாக நடப்பது ஒன்றே ஒன்று: சாவி ஏறுவது. கை அசைய அசைய உள்ளே ஓர் அரைவட்டத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கட்டிப்போய், வந்ததும் கழற்றி வைத்தால் ஞாயிறு காலைக்குள் பெரும்பாலும் நின்றிருக்கும். பழைய வாட்சுகள் பலவற்றின் வில் 40 மணி நேரம்தான் தாங்கும்.

ஆகவே எழுத்தில் 'தன்முறுக்குக் கைக்கடிகாரம்' என்பதே சரி என்பேன். பேச்சில் 'சாவி கொடுக்காத வாட்ச்' போதும். 'சாவி' போர்த்துகீசியச் சொல். ஒருகாலத்தில் பாக்கெட் கடிகாரத்தை நிஜமாகவே சாவி போட்டுத்தான் முறுக்கினார்கள். சாவி போய், பக்கவாட்டில் விரலால் திருப்பும் திருகு வந்தது. நாம் மட்டும் இன்னும் சாவிதான் கொடுக்கிறோம்!

தன்முறுக்குப் பாக்கெட் கடிகாரங்கள் 1770களிலேயே வந்துவிட்டன. கையில் கட்டுவதற்கு வழி செய்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். 1924இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். அவருடைய எடைத்தகடு முழு வட்டம் சுற்றாது, இரண்டு பக்கமும் போய் முட்டித் திரும்பும். அந்த வகையைச் சேகரிப்பவர்கள் 'பம்பர்' என்பார்கள். கட்டியிருந்தால் முட்டுவது மணிக்கட்டில் தெரியும். முழுவட்டம் சுற்றும் தகட்டை ரோலக்ஸ் 1931இல் கொண்டுவந்தது.

ஹார்வுட் வாட்சில் வெளியே திருகே கிடையாது. திருகு நுழையும் ஓட்டை வழியாகத்தான் தூசும் ஈரமும் உள்ளே போகின்றன என்று அதை எடுத்துவிட்டார். கண்ணாடி விளிம்பைத் திருப்பி மணி திருத்த வேண்டும். பின்னால் வந்தவர்கள் திருகை மறுபடி வைத்தார்கள். வாப்பாவின் வாட்சைத் திறந்து பார்த்தபோது, எங்கள் கடற்காற்றுக்குத் துரு ஏறியிருந்த இடம் அந்த ஓட்டைதான்.