பொல்வேர்சே: திரும்புவதா, திரிவதா?

ஸ்பானிய மொழி படிக்கும் என் மருமகள், நல்லூர் வீட்டு மேசையில் கொப்பியை விரித்தபடி கேட்டாள்: "மாமா, 'செ பொல்வியோ லோகோ' எண்டா 'தன்னை விசராத் திருப்பினான்' எண்டா எழுதுறது?" சொல்லுக்குச் சொல் பார்த்தால் அப்படித்தான் வரும். கருத்து என்னவோ, 'அவன் விசரனாகிவிட்டான்' என்பதுதான்.

'பொல்வியோ'வின் மூலவினை பொல்வேர். பொல்வேர் என்றால் திரும்பு. இலத்தீனில் 'வொல்வெரே', அதாவது உருட்டு, சுழற்று. வாலில் ஒட்டிய 'செ', 'தன்னை' எனும் தற்சுட்டு. இரண்டும் சேர்ந்த பொல்வேர்சே, ஒருவர் வேறொரு தன்மைக்கு மாறி அதிலேயே நிலைப்பதைக் குறிக்கும். திரும்புதல் எப்படி மாறுதலானது? நம் 'திரி'யைப் பாருங்கள். சுழலுதலும் அதுதான், பால் திரிந்துபோவதும் அதுதான். நன்னூல் எழுத்து மாறுவதைத் 'திரிதல்' என்றே சொல்கிறது. இதைவிட நெருங்கிய உறவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதன் கூட்டாளிகளும் உண்டு. முகம் சட்டென்று சிவந்துபோனால் பொனேர்சே. அது வந்து போகும் நிலை. படித்தோ உழைத்தோ வைத்தியரானால் அசேர்சே. கண் தெரியாமல் போனால் கெதார்சே. 'கெதார்' என்றால் எஞ்சியிரு, இழந்தபின் மிஞ்சும் நிலை.

இவற்றைத் 'தற்சுட்டு வினை' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் மாற்றத்தைச் சொல்லும் இடங்களில் 'தன்வினை' என்பதே பொருந்தும் என்பேன். கொன்வெர்தீர் மாற்று, கொன்வெர்தீர்சே மாறு. திருத்து, திருந்து என்று நம்மிடம் சோடி சோடியாகக் கிடக்கிறதே! ஸ்பானியம் 'செ' சேர்த்துச் செய்வதை நாம் ஒரு மெய்யெழுத்தை மெலித்தோ குறைத்தோ செய்துவிடுகிறோம். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயரின் மொழியிலும் இந்தச் 'செ' உண்டு. மேசை, கதிரை என்ற சொற்களைத் தந்தார்கள். 'செ' நமக்குத் தேவைப்படவில்லை.

'தன்னை' என்று எழுதும் பழக்கத்தை மருமகள் விட வேண்டுமென்று இரண்டு வசனம் எழுதிக் கொடுத்தேன். கோர்தார் என்றால் வெட்டு. 'மே கோர்தே எல் தேதோ', விரலை வெட்டிக்கொண்டேன் ('நான்' வரும்போது 'செ', 'மே' ஆகும்). 'செ கோர்தோ லா லெச்சே'? இங்கே கத்தியே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பால் திரிஞ்சு போச்சு, மாமா."