அடி விழுவதற்கு ஒரு பிரேம் முன்னால்

"பாட்டின் ஒவ்வொரு தாள அடியிலும் சரியாகக் கீபிரேம் வைத்தேன். ஆனாலும் எழுத்து பின்தங்கியே வருகிறதே, ஏன்?" பதினைந்து விநாடி மோஷன் கிராபிக்ஸ், அதாவது எழுத்துகள் அசையும் படம், செய்த ஒரு வாசகரின் கேள்வி இது. (பிரேம் என்பது படத்தின் ஒரு சட்டம்; அசைவு தொடங்கும், முடியும் இடங்களைக் குறிப்பது கீபிரேம்.)

கணக்கு சுலபம். நிமிடத்துக்கு 120 அடி என்றால், விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் அடிக்கு 12 பிரேம். 100 அடி என்றால் 14.4. அதை 14 என்று வைத்துக் கூட்டிக்கொண்டே போனால் பத்து அடிகளில் 4 பிரேம் விலகிவிடும். அதே பாட்டுக்கு 25 பிரேம் வேகம் வைத்தால் அடிக்குச் சரியாக 15. 1930களின் தொடக்கத்தில் பெர்லினில் இசைத்தட்டுகளுக்குக் கரிக்கோலால் வரைந்து படமெடுத்த ஒஸ்கார் ஃபிஷிங்கருக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கும்.

வாசகர் அடியில் வைத்தது, எழுத்து கிளம்பும் கீபிரேமை. அது வழுக்கி வந்து நிற்க இன்னும் 8 பிரேம் ஆகிறது. நம் கண் காத்திருப்பது வந்து நிற்கும் கணத்துக்குத்தான்.

சரி, எழுத்து அடியைவிடக் கொஞ்சம் முந்தினால் பரவாயில்லையா? பரவாயில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுப்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால், அதாவது படம் முந்தினால், 125 வரை தெரியாது. பிரேம் கணக்கில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் மூன்று!

ஏன் இந்த ஓரவஞ்சனை? ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? துணி கல்லில் படும், சத்தம் வராது. கை மறுபடி மேலே போகும்போதுதான் 'தொப்'பென்று கேட்கும். நூறு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 0.3 விநாடி வேண்டும். காட்சிக்குப் பின் ஒலி என்பதே மூளைக்குப் பழகிய வரிசை; தலைகீழாக வந்தால் உடனே உறுத்துகிறது. (பள்ளியில் இதை மின்னல், இடி கணக்காகப் போடவைத்து, இரண்டு மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறோம். அநியாயம்.)

ஆகவே எழுத்து வந்து நிற்பதை அடிக்கு ஒரு பிரேம் முன்னால் வையுங்கள்.

புளூடூத் இயர்போனில் மட்டும் சரிபார்க்காதீர்கள். அதில் ஒலி 100 மில்லி விநாடிக்கு மேல்கூடத் தாமதமாகலாம். ஒருமுறை விடிய விடிய அதற்கேற்பப் படத்தைப் பின்னால் தள்ளிவைத்தேன். காலையில் ஸ்பீக்கரில் போட்டால் எல்லாமே நொண்டியது. அன்றிலிருந்து என் மேஜை டிராயரில் பழைய ஒயர் இயர்போன் ஒன்று கிடக்கிறது.