வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துங்கள்

பதினேழாம் பக்கத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தின் நீல முத்திரை இருந்தது. அட்டை கிழிந்துபோனாலும் புத்தகம் யாருடையது என்று தெரிய, நூலகர்கள் உள்ளே ஒரு பக்கத்தை ‘ரகசியப் பக்கம்’ என்று வைத்துக்கொண்டு அதில் முத்திரை குத்துவோம். அந்தப் பக்கத்தைத்தான் பதிப்பாளர் அச்செடுத்து, கல்லூரி முதல்வருக்கு எழுதிய புகார்க் கடிதத்தோடு இணைத்திருந்தார். ஊரடங்கின்போது எங்கள் பேராசிரியர் ஒருவர் புத்தகம் முழுவதையும் கைபேசியில் படம்பிடித்து, பிடிஎஃப் ஆக்கி, தன் யூடியூப் பாடத்தின் கீழே இணைப்பாகக் கொடுத்திருந்தார். பக்க ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்கூடத் தெரிந்தது.

அவர் காசுக்காகச் செய்யவில்லை. நூலகம் பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் ஊர்களில் இருந்தார்கள், தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதே உதவியைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நூலகரான நான்தான். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர்களிடம் கஞ்சத்தனம் காட்டவில்லை. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில் இந்தச் சலுகை உரைத்துப் பார்க்கப்பட்டது. இத்தனை விழுக்காடு பக்கங்கள்தான் என்ற அளவுகோலை 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு (டிவிஷன் பெஞ்ச்) ஏற்கவில்லை. பாடம் நடத்த அந்தப் பகுதி தேவையா என்பதையே பார்க்கச் சொன்னது. எனவே ‘பத்து விழுக்காடு வரை எடுக்கலாம்’ என்று ஆசிரியர் அறைகளில் உலவும் கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் அந்த வழக்கு காகித நகல்களைப் பற்றியது. சலுகையும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நடக்கும் கற்பித்தலுக்கே உரியது. யூடியூபில் எல்லோருக்கும் திறந்து வைத்த பிடிஎஃப், உலகத்துக்கே விநியோகம் செய்ததாகிவிடும். வகுப்பறைக்குக் கதவு இருப்பதுபோல் இணைய வகுப்புக்கும் கதவு வேண்டும். மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்தில் அல்லது கூகுள் கிளாஸ்ரூமில், அந்தப் பாடத்தில் சேர்ந்த மாணவர்கள் மட்டும் கடவுச்சொல் கொடுத்து நுழையும் இடத்தில், தேவையான அத்தியாயத்தை மட்டும் ஏற்றுங்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பருவம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

திரைப்படத்துக்கும் இதே கதைதான். கல்லூரியில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் திரையிடச் சட்டம் இடம் தருகிறது. காட்சிகளோடு அந்த வகுப்பைப் பதிவுசெய்து பொதுத்தளத்தில் ஏற்றும்போது அந்தச் சலுகை துணைக்கு வராது.

நூலகம் சந்தா கட்டும் மின்னிதழ்கள் ஒப்பந்தத்தின்படி வருபவை. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் (N-LIST) திட்டத்தின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அந்த ஒப்பந்தத்தை மீறுவதாகும். கட்டுரைக் கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். மாணவர் தன் கணக்கில் நுழைந்து படிக்கட்டும்.

பழைய நூல்களில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். பாரதியார் மறைந்தது 1921இல். அவர் வாழ்நாளில் வெளியான கவிதைகளை யாரும் எங்கும் போடலாம். ஆனால் அவற்றைத் தொகுத்த இன்றைய பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவரவருக்கே சொந்தம். நான் பார்த்தவரை தமிழ்த்துறைகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

படைத்தவரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களுக்கு வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை உண்டு. கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பில் அவற்றைச் சேர்க்க முடியாது.

அந்தப் பதிப்பாளர் விவகாரத்தில், இணைப்பை நீக்கிவிட்டு வருத்தம் தெரிவித்து எழுதினோம். அதே கடிதத்தில், பாடத்தின் பெயர், மாணவர் எண்ணிக்கை, வேண்டிய பக்கங்கள், எந்த மாதம் வரை என்ற நான்கையும் குறிப்பிட்டு அனுமதியும் கேட்டோம். பதினோராம் நாள் பதில் வந்தது. மூன்று அத்தியாயங்களுக்குச் சம்மதம், கட்டணம் இல்லை.