மாலைக்குத் தங்கூசி வேண்டாம், மகள்

ஆடி அமாவாசை முடிந்த கையோடு நாலு பேர் வந்துவிட்டார்கள். நாலு பேர் கையிலும் அறுந்த மாலை. கடைசியாக வந்த பிள்ளை மணிகளை யோகட் கோப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தக் குளத்தடியில் கொட்டியதாம், பாதிதான் கிடைத்ததாம். எதில் கோர்த்தாய் என்று கேட்டேன். தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் இழை!

"10 கிலோ மீனையே இழுக்குமே அக்கா?"

வாவிக்கரை ஆட்களிடம் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இழுக்கும், சரி. உங்கள் கழுத்தில் மீனா தொங்குகிறது? மாலையை அறுப்பது பாரமில்லை, மணியின் துளை. கண்ணாடி மணி, கல் மணியின் துளை ஓரம் அரம் மாதிரி. நடக்க நடக்க அராவிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் நைலோன் இன்னும் நலியும். மீன்பிடிக்கிறவர் தங்கூசியை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரத்த இடத்தை வெட்டி எறிவார். மாலையை யார் தடவிப் பார்க்கிறோம்? அவளுடைய தங்கூசியில் கொக்கிக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அப்படியென்றால் தடித்த செம்புக் கம்பி போடலாமே என்பார்கள். வேண்டாம். ஒரே இடத்தில் மடங்கி மடங்கி இறுகி, ஒருநாள் டக்கென்று முறியும். ஒற்றைக் கம்பி வளையத்துக்கும் கொக்கிக்கும்தான். கோர்ப்பதற்கு நைலோன் பூசிய பல இழை உருக்குக் கம்பி வாங்குங்கள். 7 இழை மலிவு, ஆனால் விறைப்பு. 49 இழை நூல்போல வளையும். முனையைக் கிரிம்ப் மணியால், அதாவது நசுக்கிப் பூட்டுகிற சின்ன உலோக மணியால், நசுக்கி, மிச்சக் கம்பியை இரண்டு மூன்று மணிகளின் துளைக்குள் திருப்பி விடுங்கள். மணிகளை இறுக்கி நெருக்காமல் ஒரு மில்லிமீற்றர் இளக்கம் விடுங்கள்.

கம்பியின் தடிப்பைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. அதிலும் 20 கேஜ் என்பது அமெரிக்கக் கணக்கில் 0.8 மில்லிமீற்றர், பிரித்தானியக் கணக்கில் 0.9. கடையில் மில்லிமீற்றரிலேயே கேளுங்கள். வளையத்துக்கு 0.8, சுற்றுவதற்கு 0.4 போதும்.

கம்பியின் வளைவு பிழையாகப் போனால் தயவுசெய்து நிமிர்த்தி மறுபடி வளைக்காதீர்கள். வெட்டி எறியுங்கள். வளையத்தைத் திறக்கும்போது பக்கவாட்டில் திருகுங்கள், அகட்டாதீர்கள். மெமரி வயரை, அதுதான் சுருள் வடிவம் மாறாத கடின உருக்குக் கம்பியை, நகைக் குறட்டால் வெட்டவே வேண்டாம், என் குறடு இரண்டு அப்படித்தான் போனது.

அந்தப் பிள்ளையின் மாலையை இருந்த மணிகளோடு குட்டையாகக் கோர்த்துக் கொடுத்தேன். மிச்சத் தங்கூசியை என்ன செய்வது என்று கேட்டாள். அப்பாவிடம் கொடு என்றேன்.