காற்றுக் கையுறையை மாட்டும் முன்

பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழித்து ஒருவர் பிசியோதெரபிக்கு வந்தார். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர். வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடந்தன. மகன் இணையத்தில் ஒரு ரோபோ கையுறை வாங்கித் தந்திருந்தார். பொத்தானைத் தட்டினால் காற்றேறி விரல்களை விரிக்கும், அப்புறம் மடக்கும். தினமும் ஒரு மணி நேரம், டிவி பார்த்தபடியே. கழற்றிப் பார்த்தேன், கட்டைவிரல் இடுக்கில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. உணர்ச்சி குறைந்த கை, அதனால் அவருக்கு வலிக்கவே இல்லை.

கருவியே தப்பு என்று சொல்ல மாட்டேன். காற்றுத் தசைக்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1950களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன், போலியோவால் கை செயலிழந்த தன் மகளுக்காக அதில் இறங்கினார். ரப்பர் குழாய், மேலே பின்னிய உறை. காற்றடித்தால் குழாய் பருத்து, நீளம் குறைந்து இழுக்கும். இன்று தக்காளி, ஸ்ட்ராபெரி பறிக்க ஆய்வுக்கூடங்களில் செய்யும் மெத்தென்ற ரோபோ விரல்கள் பலவும் காற்றில்தான் வேலை செய்கின்றன.

இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "கொய்யாவ இழுக்கக் கூடாது தம்பி, கிளை ஒடியும். லேசாத் திருகணும். அதுக்குத் தெரியுமா?"

தெரிய வைக்கத்தான் அங்கே இத்தனை சென்சார், கேமரா. ஆனாலும் ரோபோ பறிக்கும்போது பழம் சும்மா இருந்தால் போதும். நோயாளியின் கை அப்படிச் சும்மா இருந்தால் மூளை அதிகம் கற்றுக்கொள்ளாது. முதலில் அவர் விரலை விரிக்க முயல வேண்டும். முடியாத மிச்சத்துக்குத்தான் கருவி. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த 'ப்ளூட்டோ' என்ற கைப்பயிற்சி ரோபோவில் ஒரே மோட்டார்தான். மணிக்கட்டுக்கு ஒன்று, விரல்களுக்கு ஒன்று என்று முனைகளை மாற்றி மாட்டலாம். அதிலும் முயற்சி நோயாளியுடையதுதான்.

அதற்காக ரோபோ என்றதும் மயங்கிவிடவும் வேண்டாம். பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், ரோபோ பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்பாடு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மேம்படவில்லை.

வீட்டில் கையுறை இருந்தால் டிவியை அணையுங்கள். மோதிரத்தைக் கழற்றி, நகத்தை வெட்டிவிட்டு மாட்டுங்கள். முடித்ததும் விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இறுகி எதிர்த்தால், வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

அவர் இப்போது கையுறைக்கு முன் பத்து நிமிடம் தானே முயல்கிறார். போன வாரம் தோப்பிலிருந்து ஒரு கனிந்த கொய்யாவோடு வந்தார். பிடிக்க வந்துவிட்டது. விடத்தான் வரவில்லை, பழம் கையிலேயே நசுங்கிவிட்டது.