பாத்திரம்: குடமா, காகமா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மகன் தரம் 6 படிக்கிறான். போன கிழமை அவனுடைய தமிழ்க் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குடத்துக்குள் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் கதை. கீழே ஒரு கேள்வி: 'இக்கதையின் பிரதான பாத்திரம் எது?' அவன் எழுதியிருந்த விடை: மண்குடம். பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு பிழை அடையாளம்.

சிரிப்பு வந்தது. ஆனால் சொல்லின் வயதைப் பார்த்தால் பெடியன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பாத்திரம் வடசொல். 'பா' என்ற வேருக்குக் குடித்தல் என்று பொருள். குடிக்க உதவும் கலம்தான் பாத்திரம். மணிமேகலையில் 'பாத்திரம் பெற்ற காதை' என்றே ஒரு காதை உண்டு. அங்கே பாத்திரம் என்பது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அது கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

கலம் எப்படி ஆளானது? கலம் எதையாவது ஏற்கும். ஏற்கத் தகுதியான ஆளையும் அதே சொல்லால் குறித்தார்கள். 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்ற பழமொழி, நீட்டிய சட்டியைப் பார்க்கச் சொல்லவில்லை; நீட்டியவரைப் பார்க்கச் சொல்கிறது. கலியாண வீட்டு உரைகளில் வரும் 'அன்புக்குப் பாத்திரமானவர்' என்பதும் இந்த வழிதான். நாடகத்தில் வேடத்தை ஏற்று ஆடுபவரும், ஏற்ற அந்த வேடமும் பாத்திரம் ஆயின. மேடையிலிருந்து சொல் கதைக்குள் வந்தது. 'கதாபாத்திரம்' வடமொழி முறைப்படி சேர்ந்த சொல். தமிழ் முறைப்படி சேர்த்தால் கதைப்பாத்திரம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. சிங்களத்தில் பிக்குவின் கையில் இருப்பது 'பாத்ரய'; கதையில் வருபவரோ 'சரிதய'. அந்தச் 'சரித' நம்மிடம் சரிதம் என்று வந்து வாழ்க்கை வரலாறாக நின்றுவிட்டது. அவர்கள் இரண்டு சொல் வைத்திருக்கும் இடத்தில் நாம் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் குழப்புகிறோம்.

தமிழில் 'கதைமாந்தர்' நல்ல சொல். மாந்தர் குறளிலேயே இருக்கிறது. ஆனால் அது பன்மை. ஒருவரைச் சொல்ல 'கதைமாந்தர்களுள் ஒருவர்' என்று இழுக்க வேண்டும். அதோடு மாந்தர் என்றால் மனிதர். காகத்தை என்ன செய்வது? பேச்சில் நாங்கள் 'கதையில வாற ஆக்கள்' என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். என் கணக்கில் மனிதர் வரும் கதைக்குக் கதைமாந்தர். நரியும் காகமும் வந்தால் பாத்திரமே இருக்கட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாத்திரம் ஆள், பண்பு அந்த ஆளின் இயல்பு. 'காகத்தின் பண்பு யாது' என்றால் 'விடாமுயற்சி' என்று எழுதலாம். 'காகம் கறுப்பு' என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

அடுத்த கேள்வி 'கதையின் கரு'. இதற்கு அவன் 'முயற்சி திருவினையாக்கும்' என்று எழுதிச் சரி வாங்கியிருந்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது படிப்பினை. கரு என்பது கதை எதைப் பற்றியது என்பது: இங்கே தாகமும், அது தூண்டிய யோசனையும். 'கருப்பொருள்' என்று எழுதினால் சிக்கல் இன்னும் கூடும். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. அந்தக் கணக்கில் காகமே கருப்பொருளுக்குள் போய்விடும்! பாட்டின் உள்ளே ஓடும் உணர்வுக்கு அங்கே உரிப்பொருள் என்று பெயர். மேல் வகுப்பில் திணை படிக்கும்போது கருப்பொருளின் இந்த இரண்டு அர்த்தமும் முட்டும் என்பதால் நான் 'மையக் கருத்து' என்றே சொல்லிக் கொடுக்கிறேன்.

எல்லாவற்றையும் விளங்கப்படுத்தி முடித்தேன். பெடியன் அழிறப்பரை எடுத்தான். குடத்தை அழித்துக் காகம் என்று எழுதினான். அப்புறம் கேட்டான்: "மாமா, குடம் இல்லாட்டி காகத்துக்குக் கதையே இல்லையே?"